மெக்கானிக்கல் டிப்ளமோவில் மாணவிகளையும் செவித்திறன் குறைந்தோரையும் கூட்ட: கம்பெனி ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

லேத்_விரிவுரையாளர்:

வணக்கம். ஒரு பாலிடெக்னிக்கின் மெக்கானிக்கல் துறைக்காகக் கேட்கிறேன். ஆண்டுக்கு 60 இடம். முதலாண்டில் மாணவிகள் 3 பேர், இரண்டாமாண்டில் 4 பேர். செவித்திறன் குறைந்த மாணவர் ஒருவர் இருக்கிறார். முக்கால்வாசிப் பேர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள். வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவர்கள்தான்.

பக்கத்து சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் இரண்டு கம்பெனிகளும் ஒரு பம்ப் கம்பெனியும் எங்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போடத் தயாராக இருக்கின்றன. அனுப்பியிருக்கும் வரைவு ஒன்றரைப் பக்கம். "தொழிற்சாலைப் பார்வை, சிறப்புரை, உள்ளகப் பயிற்சி, வளாக நேர்காணல் ஆகியவற்றில் இரு தரப்பும் ஒத்துழைக்கும்" என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. இப்படிக் கையெழுத்தானால் போன வருடம் போலத்தான் நடக்கும். பையன்கள் 20 பேர் பயிற்சிக்குப் போவார்கள். மாணவிகளுக்கு "இடவசதி இல்லை" என்று பதில் வரும்.

கேட்க நினைப்பவை: ஒப்பந்தத்தில் எதையெல்லாம் எண்ணோடு எழுத வேண்டும்? எங்கள் பட்டறையில் முதலில் எதை மாற்ற வேண்டும்? செவித்திறன் குறைந்த மாணவரை சிஎன்சி (கணினி கட்டுப்படுத்தும்) மெஷினில் நிறுத்தலாமா? அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) உதவித்தொகைக் கணக்கையும் யாராவது தெளிவாகச் சொன்னால் நல்லது. அனுபவப்பட்டவர்கள் பொதுவாக இல்லாமல் நேரடியாகச் சொல்லுங்கள்.

---

பிளான்ட்_பயிற்சிப்பிரிவு:

சார், அந்த வரைவைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். "ஒத்துழைக்கும்" என்று எழுதினால் கம்பெனியில் யார் மேசைக்கும் வேலை வராது. எத்தனை இடம், எந்த மெஷின், எந்த ஷிஃப்ட், யார் பொறுப்பு என்று எழுதினால்தான் பிளான்ட் மேலாளர் அதைத் தன் மாதத் திட்டத்தில் சேர்ப்பார்.

இட எண்ணிக்கையைப் பிரித்து எழுதுங்கள். "ஒரு பேட்ச்சுக்கு 10 பேர், அதில் மாணவிகள் குறைந்தது 3 பேர், மூவரும் ஒரே ஷிஃப்ட்டில், ஒரே கட்டடத்தில்." ஏன் மூன்று என்றால், ஒரே ஒரு மாணவியை 80 ஆண்கள் வேலை செய்யும் ஷெட்டுக்கு அனுப்பினால் இரண்டாவது வாரமே வீட்டில் நிறுத்திவிடுவார்கள். இருவரில் ஒருவர் விடுப்பு எடுத்தால் மற்றவரும் வரமாட்டார். மூன்று பேர் இருந்தால் சாப்பாட்டுக்கு, பேருந்துக்கு, கழிப்பறைக்குத் துணை இருக்கும். வருடத்துக்கு 4 மாணவிகள்தான் என்றால் மூன்று கம்பெனிக்கும் ஆளுக்கு ஒருவராகப் பங்கு போடாதீர்கள். ஒரே கம்பெனிக்கு மொத்தமாக அனுப்புங்கள். மற்ற இரண்டு கம்பெனிகளும் கோபித்துக்கொள்ளும். அடுத்த வருட எண்ணிக்கை கூடும்போது தருகிறோம் என்று சொல்லுங்கள்.

"இடவசதி இல்லை" என்ற பதிலுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே விஷயம்தான் இருக்கும்: ஷெட்டில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது, அலுவலகக் கட்டடத்தில்தான் உண்டு. கையெழுத்துக்கு முன் நீங்களே நடந்து பாருங்கள். மெஷினிலிருந்து எத்தனை நிமிடம் ஆகிறது, தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, நாப்கின் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். சாவி செக்யூரிட்டியிடம் இருந்தால், ஒவ்வொரு முறையும் ஓர் ஆணிடம் போய்க் கேட்க வேண்டும் என்று பொருள். மாணவிகள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். கோடையில் ஷெட்டுக்குள் இது மயக்கத்தில் போய் முடியும். எனவே "உற்பத்திக் கூடத்திலிருந்து மூன்று நிமிட நடைக்குள், பூட்டாத கழிப்பறை" என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

ஷிஃப்ட்டைப் பொறுத்தவரை பயிற்சிக் காலம் முழுவதும் பொது ஷிஃப்ட் அல்லது முதல் ஷிஃப்ட் மட்டும் என்று எழுதுங்கள். கம்பெனிப் பேருந்து நிற்கும் இடங்களின் பட்டியலை இணைப்பாகக் கேளுங்கள். மாணவியின் ஊரிலிருந்து அந்த நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று பார்த்த பிறகே பெயரைப் போட வேண்டும்.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 பயிற்சியாளரையும் அப்ரண்டிஸையும் பணியாளராகவே கணக்கில் கொள்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். தலைவர் பெண், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். அந்தக் குழுவின் உறுப்பினர் பெயர்களும் தொலைபேசி எண்களும் இணைப்பில் இருக்க வேண்டும். முதல் நாள் அறிமுக வகுப்பில் அந்தத் தலைவர் நேரில் வந்து பத்து நிமிடம் பேச வேண்டும். புகார் தர மூன்று மாத அவகாசம் உண்டு என்பதையும் மாணவிகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

வயதையும் பாருங்கள். பத்தாம் வகுப்பு முடித்து வருகிறவர் இரண்டாமாண்டில் 16 அல்லது 17 வயதில்தான் இருப்பார். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தப்படி 14 முதல் 18 வயதுக்குட்பட்டவரை அபாயகரமான வேலையில் ஈடுபடுத்தக் கூடாது. பிறந்த தேதி பார்க்காமல் பெயர்ப் பட்டியல் அனுப்பினால் கம்பெனியின் பாதுகாப்பு அலுவலர் வாசலிலேயே நிறுத்துவார், அவர் செய்வது சரிதான். இரண்டாமாண்டில் பார்வையும் குறுகிய அளவியல் பயிற்சியும் போதும். மெஷினில் நிற்பது மூன்றாமாண்டில், 18 நிறைந்தவர்களுக்கு மட்டும்.

---

ஃபிட்டிங்_ஷாப்:

பட்டறையில் என்ன மாற்றுவது என்று கேட்டீர்கள். வேலைப்பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸிலிருந்து தொடங்குங்கள்.

வைஸ் தாடையின் மேல்விளிம்பு, நிற்பவரின் முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பழைய விதி. ஆனால் பெஞ்சு 170 செ.மீ உயர ஆளுக்காக அடித்தது. அவருக்கு முழங்கை சுமார் 107 செ.மீ உயரத்தில் வரும். 150 செ.மீ உயரமுள்ள மாணவிக்கு 94 செ.மீ-தான். அந்தப் பெண் தோளைத் தூக்கிக்கொண்டு அரம் போடுவாள். தள்ளும்போது அரத்தின் முனை தாழும், இழுக்கும்போது பிடி தாழும். வேலைப்பொருளின் நடுவில் மேடு விழும், செங்கோணம் பார்க்கும் ட்ரைஸ்கொயர் வைத்தால் இரு ஓரத்திலும் வெளிச்சம் தெரியும். "பொண்ணுக்குக் கைப்பலம் போதலை" என்று மதிப்பெண் குறைப்பார்கள். உண்மையில் பெஞ்சு 13 செ.மீ உயரம் அதிகம், அவ்வளவுதான். இதே தொல்லை குட்டையான பையன்களுக்கும் உண்டு, அவர்கள் வாயைத் திறப்பதில்லை.

தீர்வு மலிவானது. 5, 10, 15 செ.மீ உயரத்தில் மரப்பலகை மேடைகள் செய்யுங்கள். சீவல் கீழே விழ, பலகைகளுக்கு இடையே விரலளவு இடைவெளி விடுங்கள். மேலே வழுக்காத ரப்பர் அடியுங்கள். லேத்துக்கு மேடை வைப்பதானால் ஹெட்ஸ்டாக்கிலிருந்து டெயில்ஸ்டாக் வரை முழு நீளத்துக்கும் இருக்க வேண்டும். சின்ன ஸ்டூல் மாதிரி வைத்தால் டூலைத் தாங்கி நகரும் கேரேஜோடு நகரும்போது கால் இறங்கி, சுற்றும் சக்கின் (வேலைப்பொருளைப் பிடித்துச் சுற்றும் பாகம்) பக்கம் சாய்வார்கள். அதற்கு மேடையே இல்லாமலிருப்பது மேல்.

அடுத்தது சக் மாற்றுவது. 200 மி.மீ மூன்று தாடை சக் 15 கிலோவுக்கு மேல் வரும். அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி ஸ்பிண்டிலில் (லேத்தின் சுழலும் தண்டு) ஏற்றுவதை வீரமாக நினைக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. முதுகு பிடித்துக்கொள்ளும், கை நழுவினால் லேத்தின் அடிப்படுகையான பெட் வழித்தடத்தில் வெட்டு விழும். பெட்டின் மேல் உட்காரும்படி, சக்கின் வளைவுக்கு ஏற்ப மேற்பக்கம் குழித்த மரத்தொட்டில் ஒன்று செய்யுங்கள். உயரம் ஸ்பிண்டில் மையத்துக்குச் சரியாக வர வேண்டும். சக்கை அதில் வைத்துத் தள்ளினால் போதும். பையன், பெண் எல்லோரும் அப்படித்தான் மாட்ட வேண்டும் என்று விதியாக்குங்கள். மாணவிகளுக்கு மட்டும் என்று வைத்தால் யாரும் தொடமாட்டார்கள்.

உடுப்பும் முக்கியம். பாதுகாப்புக் காலணி வாங்கும்போது 3, 4, 5 அளவுகளைத் தனியாக எழுதிக் கேளுங்கள். கடைக்காரர் வழக்கமாக 6-க்கு மேல்தான் கொண்டுவருவார். பெரிய காலணியில் துணி அடைத்துப் போட்டால் எண்ணெய்த் தரையில் கால் உள்ளே புரளும். துப்பட்டா பட்டறைக்குள் வரக் கூடாது. அதற்குப் பதில் கழுத்து வரை பட்டன் உள்ள, அரைக்கை ஓவர்கோட் வேண்டும், பெண்கள் அளவில். கூந்தலை மடித்து வலைத்தொப்பிக்குள் போடணும், சும்மா ரப்பர் பேண்ட் போதாது. வளையல், மோதிரம், கயிறு எல்லாம் கழற்றணும். பையன்களின் கைக்கயிறும் கழற்றணும், அதைத்தான் யாரும் கேட்பதில்லை. சுற்றும் மெஷினில் கையுறை கூடவே கூடாது. துணிகளை மாற்ற உள்தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் பெட்டகமும் இல்லாவிட்டால் மேலே சொன்னது எதுவும் நடக்காது.

கம்பெனியிடம் கேட்க வேண்டியது பழைய மெஷின் இல்லை. கன்ட்ரோலரின் கையேடும் உதிரிபாகமும் இல்லாத பழைய சிஎன்சியைத் தானமாக வாங்கினால் அது துணி மூடிக் கிடக்கும், உங்கள் இடமும் போகும். துண்டுக் கம்பி கேளுங்கள். 25 மி.மீ உருளை, 100 மி.மீ நீளம், மாதம் 200 துண்டு. பாதி தேய்ந்த இன்செர்ட் (டூலில் மாட்டும் வெட்டுமுனைத் துண்டு) கேளுங்கள். சிஎன்எம்ஜி வகை இன்செர்ட்டில் இறுதிச் சீவலுக்கு நான்கு முனை உண்டு. உற்பத்திக்கு ஆகாத முனை பயிற்சிக்கு ஆகும். பொருள் தட்டுப்பாடு வந்தால் "நீ பார்த்துக்கோ, அவன் செய்யட்டும்" என்றுதான் ஆகும். பார்த்துக்கொள்கிறவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

---

லேத்_விரிவுரையாளர்:

மிக்க நன்றி. வைஸ் விஷயம் இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை. மேடைக்கு வழக்கமான மரம் போதுமா? தமிழ் வழி மாணவர்கள் கம்பெனியின் எழுத்துத் தேர்வில் விழுவது எங்களுக்குப் பெரிய தொல்லை. அதற்கு என்ன செய்கிறீர்கள்? செவித்திறன் குறைந்த மாணவர் பற்றியும் சொல்லுங்கள்.

---

ஃபிட்டிங்_ஷாப்:

மேடைக்குப் பேக்கிங் பெட்டி மரம் வேண்டாம், எண்ணெய் குடித்து ஆறே மாதத்தில் உளுத்துவிடும். வேம்பு அல்லது கருவேலம், 25 மி.மீ பலகை. பழைய தேக்குச் சட்டம் கிடைத்தால் இன்னும் நல்லது.

---

ஆஃப்செட்:

தேர்வில் விழுவது பாடம் தெரியாததால் அல்ல, கேள்வி புரியாததால். இதற்குக் கலைச்சொல் அகராதியை மனப்பாடம் செய்ய வைப்பது வீண். மெஷின் திரையில் "ஊட்டம்" என்று வராது, ஃபீட் என்றுதான் வரும். சொல் ஆங்கிலத்தில், விளக்கம் தமிழில் என்று 150 சொல் போதும்: ஃபீட், டெப்த் ஆஃப் கட், வியர் ஆஃப்செட், ஒர்க் ஆஃப்செட், ரன்அவுட், டாலரன்ஸ், பர், சேம்ஃபர், இப்படி. ஒவ்வொன்றையும் மெஷினில் காட்டிச் சொல்லிக்கொடுங்கள். அந்தப் பட்டியலைக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிடமிருந்தே வாங்குங்கள். அவர்கள் தினமும் நிரப்பும் படிவத்தில் இருக்கும் சொற்கள்தான் நேர்காணலில் வரும்.

ஒரு எடுத்துக்காட்டு. வரைபடத்தில் விட்டம் 25 மி.மீ, கூட்டல் கழித்தல் 0.02. மைக்ரோமீட்டரில் 25.06 வருகிறது. விட்டம் 0.06 கூடுதல். வியர் ஆஃப்செட்டில் (டூல் தேய்மானத்துக்காக மெஷினில் கொடுக்கும் திருத்தம்) எக்ஸ், அதாவது விட்டத் திசையில், மைனஸ் 0.06 கொடுக்க வேண்டும். மாணவர் ப்ளஸ் போட்டுவிட்டால் அடுத்த துண்டு 25.12. இந்தத் தவறு ஆங்கிலத்தால் வருவதில்லை. "கூடுதலாக வந்தால் குறைக்கணும்" என்பதைக் கையால் ஒரு தடவை செய்து பார்க்காததால் வருகிறது. ஆளுக்கு ஐந்து துண்டு, வேண்டுமென்றே தப்பான ஆஃப்செட்டோடு கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். அதற்கப்புறம் அந்தக் கேள்வி எந்த மொழியில் வந்தாலும் பதில் வரும்.

ஒப்பந்தத்தில் இந்த வரியைச் சேருங்கள்: "தேர்வின் முதல் சுற்று செய்முறையாக இருக்கும். வெர்னியர், மைக்ரோமீட்டர், ஒரு வரைபடம். விளக்கம் தமிழில் தரலாம்." ஆங்கில அப்டிட்யூட் தேர்வு முதலில் வந்தால் வடிகட்டப்படுவது யார் என்று எல்லோருக்கும் தெரியும். வெர்னியரின் மீச்சிற்றளவு (அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.02 மி.மீ, மைக்ரோமீட்டரில் 0.01 மி.மீ. பம்ப் கம்பெனியில் தரப்பிரிவுக்கு வேண்டியது அதைச் சரியாகப் படிக்கும் கண்தான். முதல் கோணப் படமுறையில் மூன்று பார்வை பார்த்துப் பொருளைச் சொல்லத் தெரிகிறதா என்பதையும் அங்கேயே சோதிக்கலாம்.

---

கைமொழி:

செவித்திறன் குறைந்தவர் சிஎன்சியில் நிற்கலாம். தாராளமாக. பயப்பட வேண்டிய இடம் மெஷின் அல்ல, நடைபாதை.

சிஎன்சியில் கதவு மூடியிருக்கும், நிலையைச் சிவப்பு, மஞ்சள், பச்சை கோபுரவிளக்கு காட்டும். அந்த விளக்கு அவர் நிற்கும் இடத்திலிருந்து கண்ணில் படும்படி திருப்பியிருந்தால் போதும். பின்னால் வரும் ஃபோர்க்லிஃப்டின் ஹாரன்தான் அவருக்குக் கேட்காது. அதற்கு மூன்று ஏற்பாடு: தரையில் மஞ்சள் கோடிட்ட நடைபாதை, முக்கில் குவிகண்ணாடி, வண்டியின் முன்னால் தரையில் விழும் நீலப் புள்ளிவிளக்கு. தீ எச்சரிக்கை மணியோடு சுழலும் ஒளிவிளக்கும் சேர்ந்து எரிய வேண்டும். கழிப்பறைக்குள்ளும் ஒன்று வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஒத்திகை நாளில் அவரைத் தொட்டு வெளியே அழைத்துவர இரண்டு பேரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். ஒருவர் விடுப்பில் இருப்பார் என்பதால் இரண்டு.

சாதாரண லேத்தில் ஒரு சிக்கல் உண்டு. டூல் அதிர்ந்து சத்தம் போடுவதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் வேகத்தைக் குறைக்கிறார்கள். அவருக்குக் கண்ணாலும் கையாலும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மேற்பரப்பில் சீரான இடைவெளியில் வரிவரியாக விழுந்தால் அது அதிர்வு. டூலின் நீட்டத்தைக் குறை, அல்லது வேகத்தைக் குறை. உள்ளங்கையை ஏப்ரனில் (கேரேஜின் முன்பக்கப் பலகை) வைத்தாலே அதிர்வு தெரியும், சுற்றும் பாகத்தின் பக்கம் கை போகத் தேவையில்லை. ஹெச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) டூலில் எஃகு சீவல் நீலமாகிறதென்றால் வேகம் அதிகம், டூல் முனை எரியும். இவற்றை வண்ணப்படமாக எடுத்து மெஷின் பக்கத்தில் ஒட்டுங்கள். கேட்கிற மாணவருக்கும் இதே படம் உதவும்.

வகுப்பில் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள். முதலில் எழுதுங்கள், திரும்பி அவரைப் பாருங்கள், பிறகு பேசுங்கள். மெஷினைக் காட்டும்போதும் அப்படித்தான். அவரால் ஒரே நேரத்தில் உங்கள் கையையும் உதட்டையும் பார்க்க முடியாது. காட்டு, நிறுத்து, விளக்கு. பட்டறைக்கு எட்டுப் பத்துச் சைகை எல்லோருக்கும் பொதுவாக வேண்டும்: நிறுத்து, கூலண்ட் போடு, டூல் மாற்று, அள, கதவை மூடு, என்னைப் பார். அவற்றை அந்த மாணவரையே வைத்து முடிவு செய்யுங்கள். பொதுச் சொற்களுக்கு டெல்லியில் 2015-இல் தொடங்கிய இந்திய சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் 10,000 சொல் அகராதி இருக்கிறது. ஆனால் சக், டூல்போஸ்ட் போன்றவற்றுக்கு உங்கள் பட்டறைக்குள்தான் சைகை உருவாக வேண்டும்.

கம்பெனி நேர்காணலுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். கேட்காவிட்டால் கூட வந்த அண்ணனோ அப்பாவோ பதில் சொல்வார், மாணவர் வாயில்லாப் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அரசு மற்றும் உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இடம் ஒதுக்கச் சொல்கிறது. 60 இடத்தில் 3 இடம். உங்களிடம் இருப்பது ஒருவர். மீதி இரண்டு இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ளவருக்கு ஏஐசிடிஇ-யின் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) சக்ஷம் உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய் இருக்கிறது. பக்கத்துச் சிறப்புப் பள்ளியில் இதைச் சொன்னாலே இரண்டு பேர் வருவார்கள்.

---

அப்ரண்டிஸ்_கணக்கு:

உதவித்தொகைக் கணக்கு.

அப்ரண்டிஸ் சட்டம் 1961-இன் கீழ் 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ள இடத்துக்கு அது விருப்பம். 200 பேர் உள்ள கம்பெனி என்றால் குறைந்தது 5, அதிகபட்சம் 30. எனவே கம்பெனியிடம் நீங்கள் கேட்பது சலுகை அல்ல, அவர்கள் எப்படியும் நிரப்ப வேண்டிய எண். "உங்கள் 5 இடத்தில் 2 எங்கள் மாணவிகளுக்கு" என்று பேச்சைத் தொடங்குங்கள். அதே சட்டத்தின் 3ஏ பிரிவு பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், 3பி பிற்படுத்தப்பட்டோருக்கும் பயிற்சி இடம் ஒதுக்கச் சொல்கிறது. பல மனிதவள அலுவலர்களுக்கு இது நினைவிலேயே இருப்பதில்லை.

டிப்ளமோ முடித்தவருக்கு 2019 விதித் திருத்தம் வைத்த குறைந்தபட்ச மாத உதவித்தொகை 8,000 ரூபாய், பட்டதாரிக்கு 9,000. தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்தில் அந்தக் குறைந்தபட்சத்தில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. கையெழுத்துப் போடும் நாளில் அரசின் அப்ரண்டிஸ் போர்ட்டலில் இருக்கும் தொகையையே எழுதுங்கள். குறைந்தபட்சத்துக்கு மேல் கம்பெனி எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம். விடுதி, பேருந்துச் செலவைக் கழித்துவிட்டுத் தரக் கூடாது என்று தெளிவாக எழுதுங்கள். தென் மாநிலங்களுக்கான அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

எங்கே சிக்கும்? ஆதாரில் ஒரு எழுத்து, மதிப்பெண் பட்டியலில் வேறு எழுத்து. முன்னெழுத்து முன்னால், பின்னால். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைக்கப்படாமல் இருக்கும், அல்லது கணக்கே அம்மாவோடு கூட்டுக்கணக்காக இருக்கும். ஐந்தாம் செமஸ்டரிலேயே ஒவ்வொரு மாணவரின் நான்கு ஆவணங்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். தேர்வு முடிவு வந்த பிறகு திருத்தப் போனால் இரண்டு மாதம் போகும், கம்பெனி அந்த இடத்தை வேறு ஆளுக்குத் தந்துவிடும். ஒப்பந்தம் போர்ட்டலில் பதிவாகும் முன் யாரையும் மெஷினில் நிற்க அனுமதிக்காதீர்கள். பதிவான அப்ரண்டிஸுக்குக் காயம்பட்டால் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி நிறுவனம் இழப்பீடு தரக் கடமைப்பட்டது. பதிவு இல்லாவிட்டால் அதற்குக் குடும்பம் அலைய வேண்டியதுதான். படிக்கும்போதே உள்ளகப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்குக் கல்லூரியே குழு விபத்துக் காப்பீடு எடுத்துவிட வேண்டும்.

---

தறி_முதல்_சிஎன்சி_வரை:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மாணவிகளை எடுக்கிறோம் என்று சில நிறுவனங்கள் முன்வருவது அசெம்ப்ளி லைனில் உட்காரவைக்கத்தான். "பெண்களுக்குக் கை நுணுக்கம், பொறுமை" என்று புகழ்ந்தபடியே ஆறு மாதம் ஒரே திருகைப் போட வைப்பார்கள். பயிற்சி முடிந்து வரும் பெண்ணுக்கு டார்க் ஸ்க்ரூடிரைவர் தவிர வேறு எதுவும் தெரியாது. எண்ணிக்கை கூடியதாக அறிக்கை போகும், ஆனால் அந்தப் பெண் பொறியாளராகவில்லை.

இதைத் தடுக்க வாரக் கணக்கு வேண்டும். 24 வாரப் பயிற்சி என்றால் பாதுகாப்பும் அளவியலும் 2, மெஷின் இயக்கம் 8, தரக்கட்டுப்பாடு 4, பராமரிப்பு 4, புரோகிராம் எழுதுதலும் செட்டிங்கும் 4, சிறு திட்டப்பணி 2. அசெம்ப்ளி வேண்டுமானால் மெஷின் இயக்கத்தின் 8 வாரத்துக்குள் ஒரு வாரம், அதற்கு மேல் இல்லை. ஒவ்வொரு வாரமும் மாணவர் ஒரு பக்கம் எழுத வேண்டும்: எந்த மெஷின், எத்தனை மணி நேரம் தானே இயக்கினார், எந்தப் பழுது வந்தது, யார் சரிசெய்தது. மேற்பார்வையாளர் கையெழுத்து.

மாதக் கடைசியில் "தானே இயக்கிய மணி நேரம்" என்ற ஒரே பத்தியைக் கூட்டுங்கள். பையன்களுக்கு 90, மாணவிகளுக்கு 20 என்று வந்தால் அன்றே கம்பெனிக்கு நேரில் போங்கள், ஆறு மாதம் கழித்து அறிக்கையில் எழுதிப் பயனில்லை. காரணம் பெரும்பாலும் கெட்ட எண்ணமாக இருக்காது. லைன் மேற்பார்வையாளர் உற்பத்தி இலக்குக்குப் பயந்து, "அந்தப் பொண்ணு செட் பண்ண நேரமாகும், நீ அந்த ரிப்போர்ட்டை எழுதும்மா" என்று அனுப்பியிருப்பார். எழுத்து அழகாக இருப்பதே சில மாணவிகளுக்கு வினையாகிறது! வழி என்னவென்றால் பயிற்சியாளர் நிற்கும் மெஷினின் இலக்கைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள். முதல் நான்கு வாரத்துக்கு அந்த மெஷினுக்கு இலக்கே கிடையாது என்று பிளான்ட் மேலாளர் எழுத்தில் தந்தால் மேற்பார்வையாளருக்குப் பயம் போகும்.

ஒப்பந்தத்தில் வரக் கூடாதவையும் உண்டு. மூலச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வது, மூன்று வருடப் பத்திரம், இடையில் நின்றால் பணம் கட்டு என்பது. இவை இருந்தால் முதலில் பின்வாங்குவது ஏழைக் குடும்பத்து மாணவிதான். திருமணமோ உடல்நிலையோ வந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பெற்றோர் பயப்படுவார்கள்.

சிறு பட்டறைகளையும் ஒதுக்காதீர்கள். கோவையில் கொடிசியா, அம்பத்தூரில் ஐமா, ஓசூரில் ஹோஸ்டியா மாதிரி சங்கங்கள் இருக்கின்றன. 15 பேர் வேலை செய்யும் யூனிட்டால் தனியாகக் கழிப்பறையும் பேருந்தும் தர முடியாது. ஆனால் ஒரே தெருவில் ஐந்து யூனிட் சேர்ந்தால் முடியும். சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டு, மாணவிகள் மூவரை ஆறு வாரத்துக்கு ஒரு யூனிட் என்று சுற்றவிடுங்கள். பெரிய கம்பெனியில் ஆறு மாதம் ஒரே ஆப்பரேஷன் பார்ப்பதைவிட, இங்கே ஜாப் செட்டிங் முதல் பில் போடுவது வரை கற்றுக்கொள்வார்கள். 10 பேருக்குக் குறைவான யூனிட்டில் உள்ளகக் குழு இருக்காது, புகார் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் மாணவிகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

---

சேர்க்கை_பொறுப்பு:

எல்லோரும் உள்ளே வந்த பிறகு என்ன செய்வதென்று பேசுகிறீர்கள். 60-இல் 3 பேர் வருவதே பிரச்சினை. பத்தாம் வகுப்பு முடிவு மே மாதம் வரும். அன்றைக்குத் துண்டுப்பிரசுரம் கொடுத்தால் தாமதம். வீட்டில் ஜனவரியிலேயே "நர்சிங் அல்லது கம்ப்யூட்டர்" என்று முடிவாகியிருக்கும்.

ஜனவரி, பிப்ரவரியில் கம்பெனிப் பேருந்தைக் கேட்டு வாங்கி, ஐந்து அரசுப் பள்ளிகளின் ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவிகளை அம்மாக்களோடு சேர்த்துத் தொழிற்சாலைக்கு அழைத்துப் போங்கள். அம்மா வராமல் மாணவி மட்டும் வந்தால் பாதிப் பயன்தான். அங்கே மனிதவள அலுவலர் படம் போட்டுப் பேச வேண்டாம். மெஷினில் வேலை செய்யும் ஒரு பெண் ஆப்பரேட்டர் பேசட்டும்: எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறாய், சம்பளம் எவ்வளவு, கல்யாணத்துக்கப்புறம் வருகிறாயா. அம்மாக்கள் கேட்பது இந்த மூன்றும்தான். அப்படி ஒரு பெண் அந்தக் கம்பெனியில் இல்லையென்றால் முதலில் வேறு கம்பெனிக்குப் போங்கள்.

பணக் கணக்கை அங்கேயே ஒரே தாளில் கொடுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000. ஏஐசிடிஇ-யின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். பிரகதி சிலரைத் தேர்ந்தெடுத்துத் தரப்படுவது, எல்லோருக்கும் உறுதி என்று சொல்லிவிடாதீர்கள். சொன்னது நடக்காவிட்டால் அடுத்த வருடம் அந்த ஊரிலிருந்து ஒருவரும் வரமாட்டார். வருமானச் சான்றிதழை ஜூனிலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

நேரடி இரண்டாமாண்டுச் சேர்க்கையை மறக்காதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர், ஐடிஐ முடித்தவர் வரலாம். டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐ-களில் தொழில் 4.0 (கணினி வழித் தானியங்கி உற்பத்தி) தொழில்நுட்ப மையங்கள் வந்திருக்கின்றன. அங்கே சிஎன்சி தொட்டுப் பார்த்த மாணவிகளுக்கு மெக்கானிக்கல் பயம் கிடையாது. வயதும் கூடுதல் என்பதால் மூன்றாமாண்டுப் பயிற்சிக்குள் 18 தாண்டியிருப்பார்கள்.

---

லேத்_விரிவுரையாளர்:

வரைவைத் திருத்தி எழுதிவிட்டேன். ஒன்றரைப் பக்கம் ஆறு பக்கம் ஆகியிருக்கிறது. பம்ப் கம்பெனி 3 மாணவிகள், ஒரே ஷிஃப்ட் என்பதை ஏற்றுக்கொண்டது. வாரப் பதிவேட்டுக்கும் சரி என்றார்கள். "முதல் நான்கு வாரம் இலக்கு கிடையாது" என்பதற்கு மட்டும் உற்பத்திப் பிரிவு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் தருகிறோம் என்கிறார்கள். ஏற்கலாமா?

---

பிளான்ட்_பயிற்சிப்பிரிவு:

ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் மூன்றாவது, நான்காவது வாரத்துக்குப் பாதி இலக்கு என்று எழுதி வாங்குங்கள். உற்பத்திப் பிரிவுக்குப் பூஜ்யம் என்ற சொல்தான் கசக்கும். பாதி என்றால் அவர்களால் மாதத் திட்டத்தில் போட முடியும். இன்னொன்று, எந்த மெஷின் என்று எண்ணோடு எழுதுங்கள். "ஒரு டர்னிங் சென்டர்" (சிஎன்சி லேத்) என்று விட்டால் அடிக்கடி பழுதாகி நிற்கும் மெஷினைத்தான் ஒதுக்குவார்கள். கையெழுத்துக்கு முன் அந்த மெஷினின் கடந்த மூன்று மாதப் பழுதுப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள்.